ஆறு லினக்ஸ் மெஷின், மூணு ஊர்: கண்காணிப்பு டூல் எது, எப்படிப் போடுவது?

ஜங்ஷன்_சர்வர்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தலைமைக் கடை, தென்காசியிலும் வள்ளியூரிலும் கிளை. ஜவுளிக் கடை. தலைமைக் கடையில் நாலு சர்வர்: பில்லிங் மரியாடிபி ஒன்று, வெப் ஒன்று (ரெண்டும் உபுண்டு 22.04), கணக்கு சாஃப்ட்வேர் ஓடுற ராக்கி லினக்ஸ் 9, சாம்பாவும் (ஃபைல் பகிர்வு) பேக்கப்பும் உள்ள டெபியன் 12. கிளைக்கு ஒரு மினி பிசி, அதிலும் டெபியன் 12தான். கிளைகளில் பப்ளிக் ஐபி (இணையத்திலிருந்து நேரா எட்டக்கூடிய முகவரி) கிடையாது.

தெரிய வேண்டியது: டிஸ்க் நிறையுறதுக்கு முன்னாடி தகவல், கரண்ட் போனா தகவல், பேக்கப் ஓடலைன்னா தகவல். எல்லாம் போனுக்கு வரணும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கு. அதை இதுக்கு ஒதுக்கலாமா? ப்ரொமீதியஸா, நெட்டேட்டாவா, சாபிக்ஸா?

பாளை_அட்மின்

தாராளமா ஒதுக்கலாம். ஒதுக்கியே ஆகணும்னுதான் சொல்லுவேன். பில்லிங் சர்வரிலேயே கண்காணிப்பை ஏத்தி வச்சா, அது விழுறப்போ சொல்ல ஆள் இருக்காது.

மூணும் நல்ல டூல்தான். நெட்டேட்டா ஒரே மெஷினை விநாடிக்கு விநாடி பாக்க அருமை. போட்ட அஞ்சு நிமிஷத்தில் 19999 போர்ட்டில் வரைபடம் வந்துரும். சாபிக்ஸில் ஏஜென்ட்டே சர்வரைத் தேடி வந்து கொடுக்கிற முறை உண்டு, அதனால பப்ளிக் ஐபி இல்லாத கிளைக்குச் சுலபம். ஆனா அதுக்குத் தனியா ஒரு டேட்டாபேஸைப் பராமரிக்கணும். உங்க தேவைக்கு ப்ரொமீதியஸ் (எண்களை எடுத்துச் சேர்த்து வைக்கிறது), அலர்ட்மேனேஜர் (அலர்ட்டைச் செய்தியா அனுப்புறது), கிராஃபானா (வரைபடம் காட்டுறது), ஒவ்வொரு மெஷினிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் (அந்த மெஷினின் நிலையை எண்களா கொடுக்கிறது). விதிகளை டெக்ஸ்ட் ஃபைலா எழுதி கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற டூல்) களஞ்சியத்தில் வச்சுக்கலாம், மெஷின் செத்தாலும் பத்து நிமிஷத்தில் திரும்ப எழுப்பலாம். என் ஓட்டு அதுக்குத்தான்.

இடக் கணக்கைச் சொல்லுதேன். ஒரு மெஷினுக்கு நோட் எக்ஸ்போர்ட்டர் சுமார் 1000 தொடர் (நேரத்தோட மாறுற ஒவ்வொரு அளவும் ஒரு தொடர்) கொடுக்கும்னு வைங்க. ஆறு மெஷினுக்கு 6000. 15 விநாடிக்கு ஒரு தடவை எடுத்தா விநாடிக்கு 400 மதிப்பு. ஒரு மதிப்புக்கு ஒண்ணு முதல் ரெண்டு பைட் ஆகும். ரெண்டுன்னே போட்டாலும் நாளைக்கு 69 எம்பி, 90 நாளைக்கு 6.2 ஜிபி. 256 ஜிபி தாராளம். ஒன்றும் சொல்லாம விட்டா ப்ரொமீதியஸ் 15 நாள்தான் வைக்கும். ரிட்டென்ஷன் டைமை 90 நாள், ரிட்டென்ஷன் சைஸை 20 ஜிபின்னு ரெண்டையும் போட்டுருங்க. எது முதல்ல எட்டுதோ அதுப்படி பழசைக் கழிச்சிரும்.

அந்த டெஸ்க்டாப்புக்கு டெபியன் 12 போடுங்க. காரணம் அலர்ட்மேனேஜர். டெலிகிராமுக்கு நேரடியா அனுப்புற வசதி 0.24-ல்தான் (2022) வந்துச்சு. உபுண்டு 22.04 களஞ்சியத்தில் இருக்கறது அதுக்கு முந்தினது. அதுல டெலிகிராம் பகுதியை எழுதினா அப்படி ஒரு புலமே தெரியாதுன்னு சொல்லி சர்வீஸ் எழும்பாது. கிராஃபானா டெபியன் களஞ்சியத்தில் இல்லை. அவங்க ஏப்ட் களஞ்சியத்தைச் சாவியோட சேர்த்துத்தான் நிறுவணும்.

இன்னொன்று: அந்த மெஷின்ல காக்பிட் (பிரவுசரில் சர்வரை நிர்வகிக்கிற டூல்) போட்டிருந்தா அதுவும் 9090 போர்ட், ப்ரொமீதியஸும் 9090. ஒன்றை மாத்தணும்.

குறுக்குத்துறை

நோட் எக்ஸ்போர்ட்டர் நிறுவும் வரிசை.

உபுண்டுவிலும் டெபியனிலும் முதலில் ஃபயர்வால், பிறகு பேக்கேஜ். பேக்கேஜ் ஏறிய மறு நொடியே 9100 எல்லா முகவரியிலும் திறந்துவிடும். அதில் கடவுச்சொல் எதுவும் கிடையாது. கண்காணிப்பு மெஷின் 192.168.1.10 என்றால்:

சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.10 டு எனி போர்ட் 9100 ப்ரோட்டோ டிசிபி

யூஎஃப்டபிள்யூவை முதன்முறையாக எனேபிள் செய்கிறீர்கள் என்றால் எஸ்எஸ்ஹெச்சுக்கும் மரியாடிபி, சாம்பா போர்ட்களுக்கும் அனுமதி எழுதிய பிறகே செய்யுங்கள். இல்லாவிட்டால் பில் கவுண்டர் நின்றுவிடும். அப்புறம்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ப்ரொமீதியஸ்-நோட்-எக்ஸ்போர்ட்டர்

கண்காணிப்பு மெஷினிலிருந்து கர்ல் அடித்து 9100-இன் மெட்ரிக்ஸ் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வேறொரு மெஷினிலிருந்து அடித்தால் வரக்கூடாது. இரண்டையும் சோதியுங்கள்.

ராக்கி 9-இல் நோட் எக்ஸ்போர்ட்டரின் டார் ஃபைலை இறக்கி, செக்சமை ஒப்பிட்டு, பைனரியை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கீழ் வையுங்கள். உள்நுழைய முடியாத தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, அந்தப் பெயரில் ஓடும் சிஸ்டம்டி யூனிட் எழுதுங்கள். யூனிட்டில் ரீஸ்டார்ட் ஆன்-ஃபெய்லியர் போதும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி யூனிட்கள் சிலவற்றில் 'ப்ரொடெக்ட் ஹோம் எஸ்' என்ற வரி இருக்கும். ஹோம் தனிப் பார்ட்டிஷன் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், அல்லது ரீட்-ஒன்லி என்று மாற்றுங்கள். எஸ் என்று இருந்தால் அந்தச் சர்வீஸின் கண்ணுக்கு ஹோம் மறைக்கப்படும், டிஸ்க் அளவு சரியாக வராது.

ராக்கியின் ஃபயர்வாலான ஃபயர்வால்டிக்கு ரிச் ரூல்: சோர்ஸ் 192.168.1.10, போர்ட் 9100, அக்செப்ட். பெர்மனென்ட் கொடுத்த பிறகு ரீலோடும் கொடுக்க வேண்டும்.

ஜங்ஷன்_சர்வர்

உபுண்டு ரெண்டும் டெபியனும் வந்துட்டு. ராக்கியில் சர்வீஸ் எழும்பலை. ஸ்டேட்டஸில் 203 எக்செக், பெர்மிஷன் டினைடுன்னு காட்டுது. ஃபைலுக்கு 755 இருக்கு, ஓனரும் ரூட்தான். கையால ஓட்டினா ஓடுது.

குறுக்குத்துறை

காரணம் எஸ்இலினக்ஸ் (எந்த ப்ராசஸ் எந்த ஃபைலைத் தொடலாம் என்று லேபிளை வைத்துக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு). ஹோம் டைரக்டரியில் இறக்கிய ஃபைலை எம்வி செய்தால் அதன் பழைய லேபிளும் கூடவே வரும். யூசர் ஹோம் வகை லேபிள் உள்ள பைனரியை சிஸ்டம்டி ஓட்ட எஸ்இலினக்ஸ் விடாது. கையால் ஓட்டும்போது உங்கள் ஷெல்லுக்கு அந்தத் தடை இல்லை, அதனால்தான் ஓடுகிறது. எல்எஸ் -இசட் அடித்தால் லேபிள் தெரியும். தீர்வு ஒரே வரி:

சூடோ ரீஸ்டோர்கான் -வி /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/நோட்_எக்ஸ்போர்ட்டர்

இதற்காக எஸ்இலினக்ஸையே அணைக்கச் சொல்லும் பதில்கள் நிறையக் கிடைக்கும். கணக்கு ஓடும் சர்வரில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வள்ளியூர்காற்று

கிளை விஷயத்துக்கு வாறேன். ப்ரொமீதியஸ் தானே போய் எடுக்கிற ஆள். கிளை மெஷினை வெளியே இருந்து தொட முடியாதுன்னா வயர்கார்டு (விபிஎன்) டனல்தான் வழி. தலைமைக் கடையில் பப்ளிக் ஐபி இருந்தா யூடிபி 51820-ஐ அங்கன திறந்து, கிளைகள் உள்ளே வரட்டும். அங்கேயும் இல்லைன்னா சின்னதா ஒரு விபிஎஸ் (இணையத்தில் உள்ள வாடகை சர்வர்) எடுத்து மூணு பேரும் அதில் சேரணும். விபிஎஸ்தான் நல்லது, காரணத்தைக் கீழே சொல்லுதேன்.

கிளைப் பக்கம் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 கட்டாயம். அது இல்லைன்னா கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் ரவுட்டரின் நாட் டேபிளில் (முகவரி மாற்றுப் பட்டியல்) இருந்து வழி அழிஞ்சு போகும், தலைமைக் கடையில் இருந்து கிளையை எழுப்ப முடியாது.

கிளையில் நோட் எக்ஸ்போர்ட்டரை டனல் முகவரியில் மட்டும் கேக்க வைங்க: லிசன் அட்ரஸ் 10.8.0.2:9100. இதில் ஒரு சிக்கல் உண்டு. மெஷின் ரீபூட் ஆகிறப்போ டனல் வரும் முன்னாடி எக்ஸ்போர்ட்டர் எழும்பினா அந்த முகவரியே இருக்காது, பைண்ட் ஆகாம செத்துரும். சிஸ்டம்டி அஞ்சு தடவை வேகமா எழுப்பிப் பாத்துட்டு விட்டுரும். யூனிட்டுக்கு ஓவர்ரைடு போட்டு, ஆஃப்டர் வரியில் வயர்கார்டு சர்வீஸைச் சேருங்க, ரீஸ்டார்ட் செக் 10 கொடுங்க. கையால ஸ்டார்ட் பண்ணும்போது எல்லாம் சரியாத்தான் இருக்கும். கரண்ட் போய் வந்த பிறகுதான் தெரியும். நம்ம பக்கம் ஆனி ஆடிக் காத்துல கரண்ட் வந்து வந்து போகும், அப்போ கிளை செத்துட்டுன்னு பொய் அலர்ட் வந்துகிட்டே இருக்கும்.

4ஜி டாங்கிளில் ஓடுற கிளைன்னா எம்டியூவையும் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பாருங்க. அறிகுறி: பிங் போகும், எஸ்எஸ்ஹெச் லாகின் கேக்கும், மெட்ரிக்ஸ் மட்டும் 10 விநாடியில் டைம்அவுட் ஆகும். சின்னப் பாக்கெட் போகுது, பெரிசு வழியில் விழுதுன்னு அர்த்தம். டனல் எம்டியூவை ரெண்டு பக்கமும் 1280 ஆக்கினா சரியாயிரும்.

பொதிகைத்தென்றல்

நிறுவுறது ஒரு மதியத்து வேலை. எந்த அலர்ட்டை வைக்கிறோம்கிறதில்தான் எல்லாம் இருக்கு.

டிஸ்க்: அவெயில் பைட்ஸை எடுங்க, ஃப்ரீ பைட்ஸை எடுக்காதீங்க. இஎக்ஸ்டி4 வழக்கமா 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிஸ்கில் அது 50 ஜிபி. ஃப்ரீ 50 ஜிபின்னு காட்டிட்டு இருக்கும்போதே மரியாடிபிக்கு எழுத இடம் இல்லாமப் போகும். ஐநோட்டும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்கில் ஒரு பதிவு, எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு) தனியா பாக்கணும். வெப் சர்வரில் பிஹெச்பி செஷன் ஃபைல் லட்சக்கணக்கில் சேர்ந்தா, இடம் பாதி மிச்சம் இருந்தும் புது ஃபைல் உருவாகாது. டிஎஃப் -ஐ அடிச்சா தெரியும்.

ராம்: மெம்அவெயிலபிள் மட்டும். மெம்ஃப்ரீ எப்போதும் குறைவாத்தான் இருக்கும், லினக்ஸ் மிச்ச ராமை ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும். கர்னல் 3.14 முதல் மெம்அவெயிலபிள் இருக்கு, அதை விட்டுட்டு ஃப்ரீ, பஃபர், கேஷ்னு கூட்டிக் கழிக்கத் தேவையில்லை.

லோடு ஆவரேஜுக்கு அலர்ட் வைக்காதீங்க. லினக்ஸில் டிஸ்குக்காகக் காத்து நிற்கிற ப்ராசஸும் அதில் சேரும். லோடு 12 என்றால் சிபியூவா டிஸ்கான்னு அந்த எண்ணை வச்சுச் சொல்ல முடியாது. கர்னல் 4.20 முதல் பிஎஸ்ஐன்னு ஒன்று உண்டு, சிபியூ, மெமரி, ஐஓ மூணுக்கும் எவ்வளவு நேரம் வேலை காத்து நின்னதுன்னு தனித்தனியா கொடுக்கும். நோட் எக்ஸ்போர்ட்டர் அதை நோட் பிரஷர்னு தொடங்கும் பெயர்களில் எடுத்துக் கொடுக்குது. ஐஓ காத்திருப்பு 10 நிமிஷமா 40 சதவீதத்துக்கு மேல நின்னா பில் போடுற இடத்தில் நிச்சயம் சுணக்கம் தெரியும்.

மேலகரம்

டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் அலர்ட் என்று ஒரே வரி வைத்தால் போதாதா? எல்லோருக்கும் புரியும், பராமரிக்கவும் எளிது.

பொதிகைத்தென்றல்

பேக்கப் சர்வரில் 4 டிபி டிஸ்க் இருந்தா 80 சதவீதத்தில் இன்னும் 800 ஜிபி மிச்சம். அந்த அலர்ட் மாசக்கணக்கா எரிஞ்சுகிட்டே இருக்கும், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. மினி பிசியில் 30 ஜிபி ரூட் பார்ட்டிஷன்னா மிச்சம் 6 ஜிபி. ஒரு லாக் ஃபைல் வெறிபிடிச்சா ஒரு மணி நேரத்தில் காலி. ஒரே எண் ரெண்டுக்கும் பொருந்தாது.

ப்ரொமீதியஸின் ப்ரெடிக்ட் லீனியரை வைங்க: கடந்த 6 மணி நேரப் போக்கு இப்படியே போனா அடுத்த 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு வருமா? ஆனா அதை மட்டும் வச்சா ராத்திரி பேக்கப் 40 ஜிபி தற்காலிக ஃபைல் எழுதுறப்போ கோடு செங்குத்தா இறங்கும், பொய் அலர்ட் வரும். அதனால "மிச்சம் 20 சதவீதத்துக்குக் கீழே" என்பதையும் ஆண்ட் போட்டுச் சேர்த்து, ஃபார் (அவ்வளவு நேரம் நிலை நீடிச்சாத்தான் அலர்ட்) 30 நிமிஷம் கொடுங்க. கூடவே "மிச்சம் 5 சதவீதத்துக்குக் கீழே, ஃபார் 5 நிமிஷம்"னு ஒரு அவசர விதி. டெம்ப்எஃப்எஸ்ஸை (ராமில் இருக்கிற தற்காலிக ஃபைல் இடம்) விலக்கிருங்க.

அலர்ட் வந்து லாக்கை அழிச்ச பிறகும் இடம் திரும்பலைன்னா, அழிச்ச ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வச்சிருக்கு. எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடிச்சா பேரோட காட்டும். அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணினாப் போதும்.

மேலகரம்

சரி, ஏற்கிறேன். பேக்கப்பையும் கரண்ட்டையும் நான் சொல்கிறேன்.

பேக்கப்புக்கு நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர். டெபியன் பேக்கேஜில் /வார்/லிப்/ப்ரொமீதியஸ்/நோட்-எக்ஸ்போர்ட்டர் டைரக்டரியில் .ப்ராம் என முடியும் ஃபைல் எதைப் போட்டாலும் எக்ஸ்போர்ட்டர் எடுத்துக்கொள்ளும். பேக்கப் ஸ்கிரிப்டின் கடைசியில் இரண்டு எண் எழுதுங்கள்: முடிந்த நேரம், ஃபைலின் அளவு. நேரடியாக அந்த ஃபைலில் எழுதாமல் பக்கத்தில் வேறு பெயரில் எழுதி எம்வி செய்யுங்கள். இல்லையேல் பாதி எழுதிய ஃபைலை எக்ஸ்போர்ட்டர் படித்துப் பிழை தரும். விதி: கடைசி நேரத்திலிருந்து 26 மணி நேரம் (93,600 விநாடி) தாண்டினால் அலர்ட். 24 வைத்தால் பேக்கப் சற்று நீண்ட நாளெல்லாம் அலறும்.

அளவையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்டம்ப்பை பைப் போட்டு ஜிசிப்புக்கு அனுப்பினால், ஷெல் பார்ப்பது ஜிசிப்பின் எக்சிட் கோடை. டம்ப் நடுவில் செத்தாலும் ஜிசிப் பூஜ்யம் தரும், ஸ்கிரிப்ட் வெற்றி என்று எழுதிவிடும். பாஷில் செட் -ஓ பைப்ஃபெயில் போடுங்கள். நேற்றைய அளவில் பாதிக்குக் குறைந்தால் அலர்ட் என்று ஒரு விதியும் சேருங்கள்.

யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி இருந்தால் நட் (யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் மென்பொருள்) போடுங்கள். இங்கே கடைகளில் அதிகம் கிடைக்கும் மெகாடெக் வகை யூபிஎஸ்களுக்கு நட்டிஆர்வி_க்யூஎக்ஸ் டிரைவர் பெரும்பாலும் பொருந்தும். ஓஎல் என்றால் லைனில், ஓபி என்றால் பேட்டரியில், எல்பி என்றால் பேட்டரி தீரப்போகிறது. எல்பி வந்ததும் பில்லிங் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்யும் வேலையையும் நட்டிடமே விடலாம். அலர்ட் வந்து ஒருவர் எழுந்து வரும்வரை பேட்டரி காத்திருக்காது.

யூஎஸ்பி இல்லாத இன்வெர்ட்டர் என்றால் வேறு வழி: வேலை செய்கிற பழைய ரவுட்டர் ஒன்றை யூபிஎஸ்ஸில் இல்லாமல் நேரடி சுவர் பிளக்கில் செருகி, கேபிளை யூபிஎஸ்ஸில் உள்ள சுவிட்ச்சில் கொடுங்கள். அதற்கு நிலையான ஐபி. பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் (மற்ற முகவரிகளைத் தட்டிப் பார்க்கும் டூல்) 15 விநாடிக்கு ஒருமுறை பிங் அடிக்கட்டும். கரண்ட் போனால் அந்த ரவுட்டர் மட்டும் சாகும், மற்றவை இருக்கும். ஃபார் 2 நிமிடம் வையுங்கள், கண் சிமிட்டும் கரண்டுக்கெல்லாம் செய்தி வராது. பிங் அனுப்ப அந்த எக்ஸ்போர்ட்டருக்கு கேப்_நெட்_ரா அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டர் உயிரோடு இருந்தாலும் தோல்வி என்றே காட்டும்.

சித்திரை வெயிலில் இரவு கடை பூட்டும்போது ஏசியையும் அணைத்துவிடுவார்கள். ட்ரைவ்டெம்ப் மாட்யூலை ஏற்றினால் (கர்னல் 5.6 முதல் இருக்கிறது) சாட்டா டிஸ்கின் சூடு நோட் எக்ஸ்போர்ட்டரில் தானே வரும். சிபியூ சூடு வேலைக்கேற்ப ஏறி இறங்கும், டிஸ்க் சூடு அறையின் சூட்டைப் பின்தொடரும். 45 டிகிரி எச்சரிக்கை, 55 அவசரம்.

பாளை_அட்மின்

செய்தி போனுக்கு வர்ற வழி. டெலிகிராமில் பாட் உருவாக்கி, டோக்கனும் சாட் ஐடியும் அலர்ட்மேனேஜரில் எழுதணும். குரூப்புக்கு சாட் ஐடி மைனஸில் தொடங்கும், அந்த மைனஸை விட்டுராதீங்க. மேற்கோள் குறி இல்லாம எண்ணாகவே எழுதணும். எஸ்எம்எஸ் வேணும்னா டிராய் விதிப்படி டிஎல்டி பதிவு, டெம்ப்ளேட் ஒப்புதல் எல்லாம் வேணும். இந்த வேலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அலர்ட்மேனேஜரில் 'குரூப்_பை' (எதை வச்சுச் செய்திகளைச் சேர்க்கணும்) என்ற வரியில் ஊர் பேரைக் கொடுங்க. வள்ளியூர் லைன் போனா அங்கே உள்ள எல்லாத்துக்கும் தனித்தனியா செய்தி வராம ஒண்ணா வரும். ராத்திரி அவசரமில்லாததை நிறுத்த நேர இடைவெளி எழுதுறப்போ, சொல்லாம விட்டா அது யூடிசி. நம்ம ராத்திரி 10 முதல் காலை 7 என்றால் யூடிசியில் 16:30 முதல் 01:30. ஒரே வரம்பு நள்ளிரவைத் தாண்டக் கூடாது, அதனால 16:30–24:00, 00:00–01:30 என்று ரெண்டா உடைச்சு எழுதணும்.

கிராஃபானா முதல் லாகின் அட்மின், அட்மின். உடனே மாத்துங்க. 1860 எண் டாஷ்போர்டை இறக்கினா நோட் எக்ஸ்போர்ட்டர் முழுசும் வந்துரும். 3000 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். 2021-ல் 8.0 முதல் 8.3.0 வரையிலான பதிப்புகளில் லாகின் இல்லாமலே சர்வர் ஃபைலைப் படிக்கிற ஓட்டை இருந்துச்சு. போனிலேயே வயர்கார்டு போட்டு உள்ளே வந்து பாருங்க.

வள்ளியூர்காற்று

விபிஎஸ் நல்லதுன்னு சொன்னேன்லா, காரணம் இதுதான். கட்டடத்தில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போனா ப்ரொமீதியஸ் அலர்ட் எழுப்பும், வெளியே அனுப்ப வழி இருக்காது. அந்நேரம் போனில் ஒரு செய்தியும் வராது, எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் ஆயிரும்.

அதுக்கு எப்போதும் எரியிற அலர்ட் ஒன்று வைக்கணும். விதி வெறும் வெக்டர் 1, அதாவது எப்போதும் உண்மையா இருக்கிற கணக்கு. அதுக்குத் தனி ரூட், தனி குரூப்: குரூப் இன்டர்வல் 1 நிமிஷம், ரிபீட் இன்டர்வல் 5 நிமிஷம், வெப்ஹுக் வெளியே உள்ள விபிஎஸ்ஸுக்கு. 15 நிமிஷம் அந்தத் தட்டல் வரலைன்னா விபிஎஸ் தானே உங்களுக்குச் செய்தி அனுப்பும். வெளியே இருக்கிற சோதனைக்கு அலர்ட்மேனேஜரை நம்பக் கூடாது, தனியா கிரானில் ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெஞ்சுது, தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பகுதிக்குள்ள தண்ணி வந்துச்சு. வண்ணாரப்பேட்டையும் ஆத்துப் பக்கம்தான். சர்வரும் யூபிஎஸ்ஸும் தரைத்தளத்தில் இருந்தா மாடிக்கு ஏத்துங்க, பேக்கப்பில் ஒரு பிரதி தென்காசிக்குப் போகட்டும். அந்தப் பிரதிக்கும் 26 மணி நேர விதி தனியா வேணும்.

ஜங்ஷன்_சர்வர்

சர்வர் மாடியில்தான் இருக்கு, யூபிஎஸ் கீழே. மாத்தச் சொல்லுதேன். விதி எல்லாம் எழுதியாச்சு, ராக்கியும் ரீஸ்டோர்கான் போட்டதும் வந்துட்டு. வேலை செய்யுதான்னு எப்படிச் சோதிக்கிறது? மரியாடிபிக்கு உள்ளேயும் பாக்கணும்.

குறுக்குத்துறை

ரீலோடுக்கு முன் ப்ராம்டூல் செக் கான்ஃபிக், ஏஎம்டூல் செக்-கான்ஃபிக் இரண்டும் ஓட்டுங்கள். யாமலில் டேப் இருந்தால் இங்கேயே பிடிபடும்.

பிறகு நிஜமாகவே உடைத்துப் பாருங்கள். வெப் சர்வரில் நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுத்துங்கள். ஸ்க்ரேப் (எண்களை எடுக்கும் இடைவெளி) 15 விநாடி, ஃபார் 5 நிமிடம், குரூப் வெயிட் 30 விநாடி என்றால் ஆறு நிமிடத்துக்குள் செய்தி வர வேண்டும். வராவிட்டால் ப்ரொமீதியஸ் பக்கத்தில் அலர்ட் பெண்டிங்கா, ஃபயரிங்கா என்று பாருங்கள். ஃபயரிங் ஆகியும் வரவில்லை என்றால் அலர்ட்மேனேஜரின் ஜர்னலில் காரணம் இருக்கும், அனேகமாக சாட் ஐடி. டிஸ்க் விதிக்கு எஃப்அலோகேட் கொண்டு பெரிய வெற்று ஃபைல் உருவாக்கலாம். இதை மினி பிசியில் செய்யுங்கள், பில்லிங் சர்வரில் வேண்டாம். யூபிஎஸ் பிளக்கைக் கடை திறக்கும் முன் ஒரு காலையில் பிடுங்கிப் பாருங்கள். கண்காணிப்பு மெஷினின் நெட் கேபிளையும் 20 நிமிடம் பிடுங்கினால் வெளியிலுள்ள விபிஎஸ் பேச வேண்டும்.

எல்லா மெஷினிலும் குரோனி (கடிகாரத்தைச் சரியாக வைக்கும் சர்வீஸ்) ஓடுகிறதா என்று பாருங்கள். நேரம் பிசகினால் அந்த 26 மணி நேரக் கணக்கு பொய்யாகும்.

மரியாடிபிக்கு மைஎஸ்க்யூஎல்டி எக்ஸ்போர்ட்டர், போர்ட் 9104. அதற்கென்று தனிப் பயனர், லோக்கல்ஹோஸ்டிலிருந்து மட்டும், ப்ராசஸ், ரெப்ளிகேஷன் கிளையன்ட், செலக்ட் ஆகிய மூன்று அனுமதி, மேக்ஸ் யூசர் கனெக்‌ஷன்ஸ் 3. இந்த வரம்பு இல்லையென்றால், டேட்டாபேஸ் திணறும் நேரத்தில் எக்ஸ்போர்ட்டரும் கனெக்‌ஷன்களைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு இடமில்லாமல் செய்யும். கடவுச்சொல்லை யூனிட் ஃபைலில் எழுதாமல் .மை.சிஎன்எஃப் ஃபைலில் வைத்து, எக்ஸ்போர்ட்டர் ஓடும் பயனருக்கு மட்டும் 600 கொடுங்கள்.